வள்ளத்துக்கு ஒரு பங்கு

ஜெயக்கொடி டீச்சர் இன்று விடிகாலையில் போய்விட்டார்களாம்... அவர்கள் மகள் போன் செய்தாள்.

எங்கள் தெருப் பால்வாடிப் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

எழுபதுகளில், தூத்துக்குடியில், கடலை ஒட்டிய தெரு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பதினாறு வயதில் அங்கிருந்த பால்வாடியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாயே திறக்கமாட்டேன்.

டீச்சர் ஓட்டப்பிடாரம் பக்கம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்கள். நான் பதில் சொல்லாவிட்டாலும் என்னோடு பேசிக்கொண்டே இருந்த ஒரே ஆள்.

பிள்ளைகளைப் பகிர்ந்து சாப்பிடப் பழக்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. சுண்டலை ஒரே தாம்பாளத்தில் கொட்டி நடுவில் வைத்து, எல்லோரும் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

அவ்வளவுதான்... சூசை என்று ஒரு பயல், நாலு வயது. சட்டையை மடித்து அள்ளிக்கொண்டு ஓடிவிடுவான். சின்னதுகள் வெறும் தாம்பாளத்தைப் பார்த்து அழும். கூடவே டீச்சரும்.

"ஏளா அமலி, என்னால முடியல. நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுல ஊருக்குப் போயிருதேன்" என்றார்கள் ஒருநாள் என்னிடம்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போகுமுன் கடலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். கூட்டிப்போனேன். அப்போதுதான் என் மாமாவின் வள்ளம் கரை சேர்ந்திருந்தது. மீனைக் கூறு கூறாக வைத்திருந்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, மாமா ஒரு கூறைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்பார். அவர் திரும்பாமலே ஒரு பெயர் சொல்வார். ஆட்களுக்கு முடிந்ததும் வள்ளத்துக்கு ஒரு பங்கு. சண்டையே கிடையாது.

டீச்சர் இமைக்காமல் பார்த்தார்கள்.

மறுநாள் டிரங்குப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. ஆனாலும் சுண்டலைப் பூவரச இலைகளில் கூறு வைத்து, முதுகு காட்டி நிற்கச் சூசையைக் கூப்பிட்டார்கள்.

பயல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இது பிலோமிக்கு, இது எனக்கு... ஒரு கைகூட நீளவில்லை. எல்லோருக்கும் கிடைத்து ஒரு கூறு மிஞ்சியது.

"அது வள்ளத்துக்கு" என்றான்.

"இங்கன ஏதுலே வள்ளம்?" என்று டீச்சர் கேட்டார்கள்.

"அமலி அக்காதான். அவதான எங்களத் தூக்கிட்டு வாரா."

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப எனக்கு?"

சூசை திரும்பி வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "நீங்க ஊருக்குப் போறவுக. உங்களுக்குப் பங்கு கிடையாது."

எப்படி வாய் வந்ததோ... என் இலையை நீட்டி, "பாதி எடுத்துக்கோங்க டீச்சர். இருங்க" என்றேன்.

டீச்சர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏளா வள்ளம், பெட்டிய உள்ள தூக்கி வையி" என்றார்கள்.

அதற்குப் பிறகு ஊஞ்சல், பந்து, சிலேட்டுக் குச்சி எல்லாவற்றுக்கும் முதுகு காட்டல்தான். வீட்டில் அப்பாவைச் சுவரைப் பார்த்து நிற்கவைக்காமல் பொரித்த மீனைத் தொடமாட்டேன் என்கிறான் என்று சூசையின் அம்மா வந்து முறையிட்டாள்.

போன மாதம் பேசியபோதும் "என்ன வள்ளம், சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார்கள்...

இன்று சுண்டல் அவித்தேன் டீச்சர். பேத்தியை முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். கடைசிக் கூறு உங்களுக்கு.

ஊருக்குப் போகிறவர்களுக்குப் பங்கு கிடையாது என்ற சட்டம் இன்றைக்கு மட்டும் செல்லாது.