அம்பாசமுத்திரத்துக்கு ஓர் உருளி

என் அக்கா ஞானப்பூவின் மேல் விழுந்த பழி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ஒரு பாத்திரம் வாங்க நான் ஏன் இவ்வளவு தடுமாறினேன் என்பது விளங்காது.

பாளையங்கோட்டையில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில், விதவையான அக்காதான் எங்கள் வீட்டில் சமைத்தாள். சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணும் அசனத் திருநாளிலும் குழம்பு அவள் கைப்பக்குவம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைப் பெரியவர்கள் நால்வரை விருந்துக்கு அழைத்திருந்தேன். அக்கா புளிக்குழம்பை மண்சட்டியில் வைத்துவிட்டு முன்னதாகவே ஆலயத்துக்குப் போனாள். பெரியவர்கள் முன்னால் மண்சட்டியா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பித்தளைச் சட்டி ஒன்றைப் பளபளவென்று தேய்த்து, குழம்பை அதில் ஊற்றி வைத்துவிட்டுப் போனேன். உள்ளே பூசியிருந்த ஈயம் தேய்ந்துவிட்டது, பூசிக்கொண்டு வா என்று அக்கா பலமுறை சொல்லியிருந்தாள். பளபளப்பே போதும் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து, ஆலயம் பெருக்க நின்ற அக்கா வருவதற்குள் நானே பரிமாறியும் விட்டேன்.

புளி பட்டுப் பித்தளைக் களிம்பு குழம்பில் இறங்கியிருந்தது; சாயங்காலத்துக்குள் நால்வரும் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். ஒருவர் பிழைப்பாரா என்றே பயந்தோம். பாத்திரம் பாராமல் குழம்பு வைத்தது யார் என்று கேட்டார்கள். "சமையல் அக்கா பொறுப்பு" என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பித்தளைச் சட்டியைக் கழுவ எடுத்துப் போனாள். அந்த வருஷ அசனத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, வீட்டில் சட்டிகள் அடிக்கடி உடைகின்றன என்று அவள் மகள் ஒரு கடிதத்தில் எழுதினாள். வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை. உடையாத பாத்திரம் ஒன்று வாங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன்.

காலை ஆறு மணிக்கு மாடசாமியின் குதிரை வண்டி. ஆற்றுப்பாலம் தாண்டி ரயிலடிக்கு மூன்று மைல், வாடகை மூன்றணா. தினமும் சமைக்க எந்தப் பாத்திரம் நல்லது என்று அவனிடம் கேட்டேன்.

"மண்சட்டிதான், வாத்தியாரய்யா. ஓரணாவுக்கு வேற என்ன கிடைக்கும்?"

"உடைகிறதே, அப்பா."

"நாமளும்தான் உடைஞ்சு போவோம். சட்டிய மட்டும் குத்தம் சொல்லுதீங்க!"

ஏழரைக்கு ரயில். மூன்றாம் வகுப்புக்கு நாலரை அணா, தூரம் இருபத்திரண்டு மைல். பேட்டை கழிந்ததும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். எதிரே திசையன்விளை வியாபாரி ஒருவர், நெல் பிடிக்க வந்தவர், உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அதே கேள்வி.

"இரும்புச் சட்டி வாங்கும் வே. பேரன் காலம் வரைக்கும் கிடக்கும்."

"துரு ஏறாதா?"

"தினமும் எண்ணெய் காட்டணும். காட்டுத ஆளு வீட்டுல உண்டா?"

தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நிலையங்கள் கடந்தன. எனக்கு மண்ணும் இரும்பும் மாறி மாறித் தோன்றின.

ஒன்பதரைக்கு அம்பாசமுத்திரம் கடைவீதி. பாத்திரக் கடைக்காரர் வாயகன்ற வெண்கல உருளிகளை விரலால் சுண்டிச் சத்தம் காட்டினார். எல்லாம் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

"எத்தன பேருக்குச் சமையல், அண்ணாச்சி?"

"நான்கைந்து பேர் இருக்கும்."

"சோறா, குழம்பா?"

"இரண்டும்தான்."

"அடுப்பு என்ன அளவு? எறக்கி வைக்குத பொம்பளைக்கு என்ன வயசு?"

முப்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். அடுப்பின் அளவு எனக்குத் தெரியவில்லை. குழப்பத்தில், கடையில் இருந்தவற்றில் கெட்டியானதைக் காட்டச் சொன்னேன். இரண்டு காது வைத்த வெண்கல உருளி, பத்து ராத்தல் எடை, ஏழு ரூபாய். புளி மட்டும் இதில் ஆகாது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் வியர்த்து நின்றேன். முடி முழுவதும் நரைத்திருந்தாள். உருளியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கையாலும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏலே, வெறும் உருளியே இந்தக் கனம். சோத்தோட எறக்க இன்னொரு ஆளு வேணும்லா? எனக்கு வாங்குனியா, யானைக்கு வாங்குனியா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பை மாற்றியது நான், பழியை உன்மேல் தள்ளியதும் நான் என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"இத எங்கிட்ட எதுக்குலே சொல்லுத? நான் ஊத்தலன்னு எனக்குத் தெரியாதா? தின்னவங்ககிட்ட சொல்லு."

சோறு போட்டாள். குழம்பு மண்சட்டியில்தான் இருந்தது. மூன்று மணி ரயிலுக்கு உருளியை என் தலையிலேயே ஏற்றிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சபையில் சொன்னேன். நால்வரில் இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவருக்குக் காது கேட்கவில்லை. நான்காமவர், பழையதை ஏன் கிளறுகிறீர் என்றார். பெண்கள் பக்கம் பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். சொன்னது சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அந்த வருஷம் அசனத்துக்கு முன்னால், பெண்கள் இருவர் ரயிலேறிப் போய் அக்காவை அழைத்து வந்தார்கள். அவள் என் வீட்டில் இறங்கவில்லை. அழைத்து வந்த பெண்களில் ஒருத்தியின் வீட்டில் தங்கினாள். சமையல் பந்தலில் ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் தலையை விட்டு, ஈயத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே புளி கரைத்தாள். நான் சபைக்குக் கொடுத்திருந்த உருளியில் தாளிதம் பொரிந்தது. நான் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"ஏலே, அங்கன என்ன பாத்துட்டு நிக்க? இந்தக் காதப் பிடி."

துணியைச் சுற்றி ஒரு காதை அவளும் மற்றதை நானும் பிடித்தோம். "பைய, பைய" என்றாள். அண்டாவில் சாய்த்தோம்.

மறுநாள் காலை வண்டிக்கே போய்விட்டாள். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. என்னை மன்னித்துத்தான் கூப்பிட்டாளா, கனம் தாங்காமல் கூப்பிட்டாளா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த அசனத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். சபையின் சாமான் அறையில் கிடக்கும் உருளியை நான் அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.