தொட்டி நிரம்பும் நேரம்

அரியலூரில் செந்துறை சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் ‘உண்ணாமலை மாணவியர் இல்லம்’ என்று கல்லில் வெட்டிய பெயரோடு ஒரு மாடி வீடு இருக்கிறது. நான் படித்த பொறியியல் கல்லூரியின் பெண் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டில் மோட்டார் ஓடும். தரைத் தொட்டித் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறும். எதிரே மணிவண்ணன் டீக்கடையின் ஓரப் பெஞ்சில் ஒருவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சட்டைப் பையில் பட்டன் அழுத்திப் பேசுகிற பழைய செல்போன். பெயர் இளையபெருமாள். அந்த வீட்டைக் கட்டியவர் அவர். கல்லூரிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

எனக்கு ஊர் பாடாலூரை ஒட்டிய சிற்றூர். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அம்மா இன்றைக்கும் களை வெட்டப் போகிற இடத்தில் ‘எம் புள்ள இஞ்சினியரு’ என்று சொல்லாமல் குனிவதில்லை. சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்ததும், டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஓர் அறை எடுத்தேன். அடுத்த அறைதான் இளையபெருமாளுடையது. இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். இருமலைத் தவிர வேறொன்றும் கேட்காது.

அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் பேசுகிற ஆள் இல்லை. அவருடைய பழைய கதையெல்லாம் டீக்கடைப் பெஞ்சில் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஜெயங்கொண்டம் சாலையில் அவருக்கு ஒரு கடை இருந்தது. வயல் மோட்டார் எரிந்துபோனால் குடியானவர்கள் அதை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். பருத்தி வாடும், சோளம் வாடும், இன்றைக்கே வேண்டும் என்பார்கள். கருகிய செப்புக் கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, ‘காயில்’ கட்டிக் கொடுப்பார். அந்த வேலையில் கிடைத்ததைக் கொண்டுதான் வீட்டைக் கட்டினார். மாடி எடுத்தது மட்டும் மனைவி உண்ணாமலையின் பிடிவாதம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

“ரெண்டு பேருக்கு எதுக்குய்யா மாடின்னு ஊரே கேட்டுச்சு. யாராச்சும் வருவாங்க, நீ கட்டுய்யான்னு அவ நின்னா. கட்டிட்டேன்” என்றார் ஒருநாள்.

“வந்தாங்களா பெரியப்பா?”

“அவ இருக்குறவரைக்கும் யாரும் வரல.”

உண்ணாமலை மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன்பின் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. அவருக்கும் கை நடுக்கம். கடையை மூடிவிட்டு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் மாடியில் யாரோ இருப்பதுபோல வெளியில் தெரியட்டும் என்று ஒரு விளக்கைப் போட்டுவைப்பாராம்.

அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஒருநாள் மூன்று பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கல்லூரியில் முதலாமாண்டு. விடுதியில் இடம் நிரம்பிவிட்டது. ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வரவேண்டும். மாடியை வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். இவர் வாயெல்லாம் பல்லாகி, மேலே கூட்டிப்போய் ஜன்னலையெல்லாம் திறந்து காட்டியிருக்கிறார். அவர்கள் நாளைக்கு அப்பாவைக் கூட்டிவருகிறோம் என்று போனார்கள். போனதும் பக்கத்து வீட்டுக்காரர் சின்னப்பிள்ளை என்பவர் வேலிக்கு வந்துவிட்டார். அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர், மனதில் ஒன்றும் இல்லாமல் பேசுகிறவர்.

“ஏண்ணே, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா? தனிக்கட்டையா இருக்குற ஆம்பள வூட்டுல வயசுப் புள்ளைவள வச்சா ஊரு சும்மா இருக்குமா? ஒன்னையச் சொல்றத வுடு. அந்தப் புள்ளைவளுக்கு ஒரு சொல்லு வந்தா யாரு தாங்குறது?”

மறுநாள் அப்பாவோடு வந்த பெண்களிடம், வீட்டில் மராமத்து வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருஷமே அவர்களில் ஒருத்தி படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. பஸ் பாடு தாங்கவில்லையாம். வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்களாம்.

“ரொம்ப நாளு அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்த வூட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. தண்ணி இருக்கு, காத்து இருக்கு, கதவு கெட்டியா இருக்கு. அங்க இருக்கக்கூடாத ஆளு ஒருத்தன்தான், நானு. நான் போயிட்டா புள்ளைவ வரலாம்ல?” என்றார் இளையபெருமாள்.

கல்லூரிக்கு நேராகப் போய் டீனைப் பார்த்தார். நூலகத்துக்குப் புத்தகம் தருகிறவர்களை டீன் பார்த்திருக்கிறார், மேடைக்கு மின்விசிறி வாங்கித் தருகிறவர்களைப் பார்த்திருக்கிறார். குடியிருக்கிற வீட்டையே கொடுக்க வந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாராம். அப்புறம் கேட்டார்: “ஐயா, உங்களுக்கு நிபந்தனை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. பத்திரத்துலயே எழுதிக்கலாம்.”

“நெபந்தன என்ன சார். புள்ளைவோ இருந்தாப் போதும்.”

அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. வீட்டின் பின்பக்கம் மதில் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை உண்டு. பழைய கருவிகளும் ஒரு கயிற்றுக் கட்டிலும் அதில் கிடந்தன. வீட்டைக் கொடுத்துவிட்டு அந்தக் கொட்டகையில் இருந்துகொள்ளலாம், மாடியில் நடமாட்டம் கேட்கும், மோட்டார் போட்டு விடலாம், யாராவது ‘தாத்தா’ என்று கூப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டார். அதைப் போய் ஒரு நிபந்தனையாகச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. தன் வீட்டுக் கொல்லையில் தான் இருப்பதற்கு எதற்குப் பத்திரம்?

திறப்பு விழா நன்றாக நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். எல்லாரும் போனபின் வார்டன் ஹேமலதா மேடம் அவரை ஓரமாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, தப்பா எடுத்துக்கக்கூடாது. லேடீஸ் ஹாஸ்டல்னா காம்பவுண்டுக்குள்ள ஜென்ட்ஸ் யாரும் இருக்கக்கூடாதுங்க. பேரண்ட்ஸே கேட்டோட நிக்கணும்.”

“அதுக்கென்னம்மா, சட்டம்னா சட்டந்தான. அதுக்காவத்தான நானே குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, கருவிகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கயிற்றுக் கட்டிலை மணிவண்ணன்தான் தலையில் வைத்துக் கொண்டுவந்து இப்போதிருக்கும் அறையில் போட்டது.

அதன்பின் அவருக்கு அந்த வீட்டோடு இருந்த சம்பந்தம் டீக்கடைப் பெஞ்சும் காதும்தான். முதல் வாரமே ஒரு சாயங்காலம் மோட்டாரைப் போட்ட பெண்கள் நிறுத்த மறந்துபோனார்கள். தொட்டி நிரம்பி, மாடிச் சுவரில் தண்ணீர் வழிந்து, சன்ஷேடில் விழுந்து தெருவுக்கு ஓடியது. இவர் எழுந்து கேட்டுக்கு ஓடினார். “அம்மாடி, மோட்டார நிறுத்துங்க!” வாட்ச்மேன் மறித்தார். சத்தம் கேட்டு வந்த ஹேமலதா மேடம் தன் செல் நம்பரைக் கொடுத்தார். “இனிமே ஒரு போன் போடுங்கய்யா, போதும்.”

பிள்ளைகள் தினமும் மறந்தார்கள். இவர் தினமும் போன் போட்டார். வழிகிறவரைக்கும்கூட இவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியவர் அவர். தொட்டி தளும்பும்போது குழாயில் சத்தம் மாறும், அது அவருக்குத் தெரியும். உடனே பையிலிருந்து போனை எடுப்பார்.

“அம்மா, நாந்தான். தொட்டி ரொம்பிருச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கு அடுத்துத்தான் அவர் காத்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பும். “ஏய், தாத்தா போன் பண்ணிட்டாருடி! யாருடி மோட்டார் போட்டது?” படியில் யாரோ தடதடவென்று ஓடுவார்கள். ஒருத்தி, “நான் போடல, அவ போட்டா” என்பாள். மோட்டார் நிற்கும். ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து பெஞ்சுப் பக்கமாக ஆடும். எந்தப் பெண்ணின் கை என்று தெரியாது. இவரும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

“மாமாவுக்கு டூட்டி முடிஞ்சிருச்சு. சம்பளத்த வாங்கிட்டாரு” என்பான் மணிவண்ணன்.

“போடா, டீ ஆறிப்போச்சு, வேற ஊத்து” என்பார் இவர். அன்றைக்கு அவர் வாய்விட்டுப் பேசியது பெரும்பாலும் அந்த இரண்டு பேச்சுத்தான். நான் ஷிப்டு முடிந்து வரும்போது இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தாலும் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த நேரத்துக்குப் பெஞ்சில் இருப்பார்.

போன வருஷம் பிரவீணா என்ற பெண் அந்த இல்லத்தில் இருந்தாள். திருமழபாடிக்காரி, மின்னியல் இறுதியாண்டு. அவள் அப்பா கூலிக்கு மாடு மேய்க்கிறவர். என்னைப் போலவே வீட்டில் முதல் படிப்பு. நானும் பெஞ்சில் இருந்த ஒரு நாள் மாலை அவள் ஹேமலதா மேடத்தோடு டீக்கடைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. மணிவண்ணன் பதறிப் பெஞ்சைத் துடைத்தான்.

“தாத்தா, இது எங்க புராஜக்ட். தொட்டி ரொம்புனா மோட்டார் தானா நின்னுக்கும். தண்ணி கொறைஞ்சா தானாப் போட்டுக்கும். உங்களுக்குத் தெனமும் தொந்தரவு குடுக்குறோம்ல, அதுக்காவத்தான் யோசிச்சோம்.”

மேடம் சொன்னார்: “வயரிங்ல கை வைக்கணும்யா. வூட்டுக்காரர் நீங்க. உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாம்னு டீன் சொன்னாரு.”

வீட்டுக்காரர் என்று அவரை யாரும் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெட்டி திரும்பிப் போயிருக்கும். எனக்கே அது தெரிந்தது.

“நம்மூருத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணியாச்சே. தொட்டிக்குள்ள தொங்குற கம்பியில படிஞ்சு, ஒரு மாசத்துல வேல செய்யாமப் போயிடாதா?” என்றார். கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு ஆசை இருந்தது.

பிரவீணா சிரித்தாள். “படியும் தாத்தா. லேப்ல இந்தத் தண்ணியவே புடிச்சு வச்சுப் பாத்தோம். கம்பி வெள்ள பூத்துப்போச்சு. அதான் கம்பிய எடுத்துட்டு மிதக்குற சுவிட்ச் போட்டுட்டோம். சுண்ணாம்பு படிஞ்சாலும் அது பாட்டுக்கு ஏறி எறங்கும்.”

அவர் பெட்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“போடுங்கம்மா. நல்லாச் செஞ்சிருக்க. இதுக்குத்தான படிக்க வச்சது.”

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்ததையும் பார்த்தேன். பொய்யில்லை அது.

பெட்டி மாட்டிய அன்று மாலை மோட்டார் ஓடியது. தொட்டி தளும்பும் சத்தம் வந்தது. அவர் கை பைக்குப் போனது. டக் என்று மோட்டார் நின்றது. இருந்தாலும் போன் போட்டார்.

“அம்மா, நாந்தான். தானா நின்னுருச்சு. நல்லா வேல செய்யுது.”

“ஆமாங்கய்யா, ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே உங்களுக்கும் நிம்மதி.”

மறுநாள் மேடத்திடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாரும் படியில் ஓடவில்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஜன்னலில் கை வரவில்லை. பிள்ளைகள்மேல் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு மோட்டார் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. நல்ல இயந்திரம் என்றால் அப்படித்தான் மறக்கடிக்க வேண்டும். மணிவண்ணன் முதல் நாள், “என்ன மாமா, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?” என்று கேலி செய்தான். அவர் சிரிக்கவில்லை. மணிவண்ணன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்காமலே சூடாக ஊற்றி வைத்துவிடுவான்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, நீயும் அங்க படிச்சவன்தான. அது எப்பவாச்சும் ரிப்பேராவுமா?”

“ஆவாது பெரியப்பா. எங்க காலேஜ் புள்ளைவ செஞ்சது. சுலபத்துல கெடாது.”

“ம். ஆவக்கூடாதுதான்” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

பிரவீணாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஊருக்குப் போகுமுன் ஒரு பாக்கெட் ஜாங்கிரி கொண்டுவந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, “போயிட்டு வரேன் தாத்தா” என்றாள். அவளோடிருந்த பெண்களும் முடித்துப் போனார்கள். ஹேமலதா மேடத்துக்கும் மாற்றல் வந்தது. புது வருஷத்தில் புதுப் பிள்ளைகள், புது வார்டன், வீரமணி என்று புது வாட்ச்மேன்.

இந்த ஆடியில் ஒரு மாலை நானும் அவரும் பெஞ்சில் இருந்தோம். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அவர் நிமிர்ந்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“பேரிங் போவுதுப்பா. கேக்குதா? இப்பவே பாத்தாச் சின்ன வேலை. வுட்டா காயிலே எரிஞ்சுபோவும்.” பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு விறுவிறுப்பு. பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்த பிறகுதான், புது வார்டன் நம்பர் தன்னிடம் இல்லை என்பது உறைத்திருக்கும். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் பின்னால் போனேன்.

கேட்டில் வீரமணி நின்றார். “யாருங்க? யாரப் பாக்கணும்?”

“யாரையும் பாக்க வேணாம்ப்பா. மோட்டார் சத்தம் சரியில்ல. உள்ள சொல்லிரு.”

“அதெல்லாம் காலேஜ்லேர்ந்து ஆள் வந்து பாத்துப்பாங்க பெரியவரே. லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல இப்படி நிக்கக்கூடாது. போங்க.”

வீரமணியின் தலைக்கு மேலேயே கல்லில் உண்ணாமலை பெயர் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். இளையபெருமாள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

“சரியாத்தாம்ப்பா சொல்றாரு. நிக்கக்கூடாதுல்ல. வா.”

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து மோட்டார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையாட்டினார். மாடியில் மூன்று அறைகளிலும் விளக்கு எரிந்தது. ஒருத்தி சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்; இன்னொருத்தி சிரித்தாள்.

“மூணு ரூம்லயும் லைட்டு எரியுது பாத்தியா” என்றார்.

மோட்டார் தானாக நின்றது. அதுவரை இருந்துவிட்டு எழுந்து போனார். நானும் கொஞ்சநேரத்தில் அறைக்கு வந்தேன். சுவருக்கு அப்பால் அவர் இருமும் சத்தம் கேட்டது. அதன்பின் வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.