இரண்டு நாள் என்று சொன்னேன்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு ஹோட்டலின் ரிசப்ஷனுக்கு நான் பொறுப்பாளராக இருந்தபோது, எங்களிடம் ஒரு திருநங்கை வேலைக்குச் சேர்ந்தாள். எல்லாத் தரப்பினருக்கும் வேலை தர வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்த சமயம் அது. அடுகோடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாமே சரளம். ஒருமுறை தங்கிப் போனவரின் பெயரை மறக்கவே மாட்டாள். அப்பாவின் ஆபரேஷனுக்காக வந்து ஒரு வாரம் தங்கிய கொல்கத்தாக்காரர் ஒருவர், கிளம்பும்போது அவளைத் தேடிப் போய்க் கைகூப்பிவிட்டுப் போனார். இணையத்தில் எங்கள் ஹோட்டலைப் பாராட்டி எழுதியவர்களில் பலர் அவளைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு கல்யாண வீட்டார் மொத்தமாக அறைகள் எடுத்தார்கள். பெண்ணின் மாமா மேனேஜரைப் பார்த்து, ரிசப்ஷனில் அவள் நிற்கக் கூடாது என்றார். பின்னாலிருக்கும் அறையில் உட்கார்ந்து போன் எடுக்கச் சொல்லுங்கள் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாள்தான் என்று அவளிடம் சொன்னேன். காரணம் கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கல்யாணம் முடிந்தது. ரிசப்ஷனில் அவள் இடத்தில் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணே இருக்கட்டும் என்றார் மேனேஜர். ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவள் போனை எடுத்தால், குரலைக் கேட்டுப் பலரும் "சார்" என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தாள்.

"ரெண்டு நாள்னு சொன்னீங்களே மேடம்."

பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை. எனக்குப் பதவி உயர்வு வரும் என்று பேச்சு இருந்த நேரம். மாதக் கடைசியில் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் கூட்டம் குறைந்தது. வழக்கமாக வருகிறவர்களில் சிலர் வேறு ஹோட்டலுக்கு மாறியிருந்தார்கள். மீட்டிங்கில் காரணம் கேட்டபோதுதான் முதல்முறையாக அவளைப் பற்றி வாய் திறந்தேன். மேனேஜர், திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

அன்று மாலையே போன் செய்தேன். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

"வேற வேலை கெடச்சிடுச்சு மேடம். கால் சென்டர். இங்க யாரும் என்னப் பாக்கப்போறதில்ல. அது நிம்மதியா இருக்கு."

மனிதர்களைப் பார்த்ததும் மலர்கிற முகம் அவளுக்கு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பிரேக் முடிந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் மறுபடி கூப்பிடவில்லை. அவளுக்கு வர இஷ்டமில்லை என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன்.