கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவந்த வசனம்

மூன்று ஏக்கர் காட்டை வெட்டி வயலாக்கினவன் நான். பரந்தனில் அரிசி ஆலை போட்டேன். இரண்டு தரம் இடிந்த வீட்டை மூன்றாம் தரமும் கட்டி மேல்மாடியும் வைத்தேன். அதில் ஏற முழங்கால் விடுவதில்லை என்பது வேறு கதை. படித்தது ஐந்தாம் வகுப்பு. இப்படிப்பட்ட என்னைப் போன கிழமை ஒரு மாடும் உட்காரும் கதிரையும் மடக்கிவிட்டன.

மருமகள் அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். குசினியில் கறி கொதிக்கக் கொதிக்கப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். எல்லா மாடுகளும் கதிரைகள், எல்லாக் கதிரைகளும் மேகங்கள், ஆகவே எல்லா மேகங்களும் மாடுகள். சரியா, பிழையா? மாடு எப்படிக் கதிரையாகும் என்று கேட்டேன்.

“மாமா, உண்மையோ எண்டு பாக்கக்கூடாது. சொன்னதில இருந்து அது வருதோ எண்டுதான் பாக்கோணும்.”

அப்படியென்றால் சரி என்றேன். பிழையாம். மாடெல்லாம் மேகமாம், ஆனால் மேகமெல்லாம் மாடு இல்லையாம். அவள் சிரித்தாள். கறியையும் மீறி என் மூக்கில் வாய்க்கால் சேறு மணத்தது.

இதே பிழையைக் கலியாணம் கட்டின புதிதில் விட்டிருக்கிறேன். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம். கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டத்தில், தண்ணீர் பங்கிடும் விதானையார் எழும்பி, வாய்க்கால் துப்புரவு செய்யாத ஒருவருக்கும் தண்ணீர் இல்லை என்றார். செய்தால் நிச்சயம் என்று விளங்கிக்கொண்டு மூன்று நாள் இடுப்பளவு சேற்றில் நின்றேன். அட்டைகளுக்கு நல்ல விருந்து. என் வயலோ கடைமடையில். இரண்டாம் தண்ணீர் எனக்கு முந்திய வயலோடு நின்றுவிட்டது. முளைத்த நெல் கருகியது. சைக்கிளில் போய் விதானையாரைத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தேன்.

“துப்புரவு செய்தா தண்ணி எண்டு நான் சொன்னனானோ தம்பி? செய்யாட்டி இல்லை எண்டுதானே சொன்னனான்.”

கடையில் இருந்தவர்களுக்குச் சிரித்துப் புரைக்கேறியது. மனுசன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் நான் எழும்பினேன். கால் நடுங்கியது என்று சொல்பவர்களை நம்பவேண்டாம்.

“ஐயா, துப்புரவு செய்த எல்லாருக்கும் தண்ணி, கடைமடைக்கும் தண்ணி எண்டு எழுதுங்கோ. எழுதினாத்தான் மண்வெட்டி தூக்குவன்.”

கடைமடைக்காரர் முழுப்பேரும் தாங்களும் தூக்கமாட்டோம் என்றார்கள். விதானையார் தலையைச் சொறிந்தார். தண்ணீர் எல்லாருக்கும் எட்ட ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து விதைப்பதென்று முடிவாகி, நீர்ப்பாசன அதிகாரி அந்த வசனத்தைக் கூட்டப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் போகம் என் வயலிலும் கதிர் சாய்ந்தது.

இப்போது மண்வாரும் பெக்கோ இயந்திரம் வந்து ஒரே காலையில் வாய்க்காலை வழித்துவிட்டுப் போகிறது. சேற்றுக்குள் நின்று ஆளையாள் நக்கலடித்த நாட்கள் இல்லை. விதானையாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தேவை போன பிறகும் அந்த வசனத்தை மட்டும் வருடாவருடம் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். எங்கள் விவசாயிகளின் கமக்காரர் சங்க மலரில் அது அதிகாரி கொண்டுவந்த விதி என்று அச்சடித்தும் விட்டார்கள். எழுதினவர் அவர்தான், ஓம். எழுதினவரெல்லாம் யோசித்தவரா? சங்கம் திருத்தம் போடவேண்டும். என் பெயரை முதலெழுத்தோடு, அதிகாரியின் பெயருக்கு மேலே.