கிராணியின் கையெழுத்து

போர்க்கால நாவல்களை நானே எழுதி, நானே அச்சிட்டு விற்பவன் நான். முதல் நாவலில், ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்ப ஆட்களின் பட்டியல் எழுதிய ரப்பர் தோட்டத்துக் கணக்கரான கிராணிதான் வில்லன். கிள்ளான் ஊரில் ஒருவர் சொன்ன, கிராணியின் அசல் பெயரையே வைத்தேன். அந்தக் கிராணியின் குடும்பத்தைத் தேடி விசாரிக்கவில்லை. போருக்குப் பிறகு பங்களா கட்டிச் சுகமாக வாழ்ந்தார் என்றும் நானாகச் சேர்த்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் இரண்டாம் நாவல் வெளியீடு. வழக்கம்போல எல்லாரும் வரிசையாக மேடைக்கு வந்து, பண உறையைக் கொடுத்துப் புத்தகம் வாங்கினார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உறையை நீட்டினார்.

"இதுலயும் அந்தக் கிராணி வராரா தம்பி?"

"வராரு ஆன்டி. இதுல இன்னும் மோசம் லா," என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் அவரு பேத்தி. இங்கயே பிரிச்சுப் பாருங்க."

உள்ளே பணம் இல்லை. சயாமுக்கு அனுப்பிய ஆட்களின் பழைய பட்டியல் நகல் இருந்தது. ஒரே கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள். கடைசிப் பெயர் கிராணியுடையது.

"அவரும் கூடவே போனாரு. திரும்பி வரல."

புத்தகம் வாங்காமலே இறங்கிப் போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை. வரிசை முடியும்வரை சிரித்த முகத்தோடு புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாவல்கள் போன வீடுகளிலெல்லாம் அவர் இன்னும் பங்களா வாசலில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்.