தபீதாள் வீசிய டவரா

சாராள் டீச்சருக்கு ஆள் எதிரே நின்றால் பேச்சு வராது. கீரைக்காரியிடம் விலை கேட்கக்கூட அண்ணன் வில்பிரட்டைத்தான் வெளியே அனுப்புவாள். கையில் சாக்பீஸ் வந்துவிட்டால் மட்டும் வேறு பிறவி. தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவள் ரசாயனம் நடத்தினாள்.

வில்பிரட்டுக்கு ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருவருக்கும் வாசம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்த வரிசை வீடுகள்தான் சாராளுக்குச் சோதனைச்சாலை.

கதிரியக்கம் பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்தபடி நடத்தினாள். பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. மறுநாள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ஒரு லைன் வீடு நெனச்சுக்குங்க. வீட்டுல எத்தனை வாயாடியோ, அதுதான் கதவு நம்பர், அதாவது அணு எண். வாயாடிதான் புரோட்டான். வாயே திறக்காதவங்க நியூட்ரான். ரெண்டு பேரையும் சேர்த்து எண்ணினா வீட்டோட எடை."

பிறகு எல்லாம் தானாக வந்தது. இரண்டு வாயாடியும் இரண்டு ஊமையும் ஒன்றாக மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினால் அது ஆல்ஃபா. எடை நான்கு குறையும், மிச்சம் இருப்பவர்கள் இரண்டு கதவு பின்னால் போக வேண்டும். காமாவில் யாரும் போவதில்லை, நம்பரும் மாறுவதில்லை. வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த சூடு கத்தலாக வெளியேறும், சுவரெல்லாம் தாண்டும்.

பீட்டாவுக்கு உதாரணம் தேடி அவள் அலையவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீடு, பள்ளித் தலைமையாசிரியை ரத்தினபாயின் வீடு. மகன் தனசிங்குக்கு ரயிலில் கார்டு வேலை. மருமகள் தபீதாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் வாய் திறந்தவளில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காலை, காபி தண்ணியாக இருக்கிறது என்று மாமியார் மறுபடியும் சொன்னபோது, "அப்ப நீங்களே போட்டுக்குங்க அத்தை" என்றாள். கூடவே ஒரு டவரா வாசலைத் தாண்டிப் பறந்தது. சாராள் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள் குறையவில்லை, எடை குறையவில்லை. ஓர் ஊமை வாயாடி ஆனாள். எடைக் கணக்கில் வராத ஒன்று வெளியே பறந்தது. வீடு ஒரு கதவு முன்னால் போய்விட்டது. இதைவிட நல்ல பீட்டா எங்கே கிடைக்கும்? வகுப்பில் பெயர் சொல்லவில்லை. இன்னும் ஜாக்கிரதையாக டவராவை டம்ளர் ஆக்கினாள். யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தாள். வகுப்பில் பாதிப் பெண்கள் அதே குவார்ட்டர்ஸ் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் வேலை தற்காலிகம். மூன்று வருஷமாக இழுபறி. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து நல்லதாக எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனில் வேறு ஒருத்தி வருவாள். "பாடத்தைப் பாடமா நடத்துங்க, சிரிப்புச் சத்தம் கேட்கக் கூடாது" என்று ரத்தினபாய் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்ஷன் அன்று அப்படியே நடத்தினாள். வகுப்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சில் இன்ஸ்பெக்ட்ரஸும் ரத்தினபாயும். பீட்டா வெளிவந்தால் அணு எண் என்ன ஆகும் என்று இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. சாராளுக்கு ஜூன் மாதம் கண்ணில் தெரிந்தது.

பல்லாவரத்துத் தோல் வியாபாரி மகள் குல்ஷன் எழுந்தாள். அவள் பெரிய வாயாடி.

"ஒரு கதவு முன்னாடி போகும் மேடம். நியூட்ரான் புரோட்டானா மாறிடும். எடை மாறாது. டம்ளர் மட்டும் வெளிய போகும்."

"என்ன டம்ளர்?"

முன்வரிசையில் இரண்டு பேர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ரத்தினபாய் பக்கம் திரும்பின. அப்போதுதான் சாராளுக்கு எல்லாருக்கும் தெரியும் என்பது தெரிந்தது.

ரத்தினபாய் எழுந்தார். பொண்ணு எதையோ உளறுது மேடம், அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்றார்.

"உளறல் இல்லைங்க மேடம்." குரல் யாருடையது என்று சாராளே ஒரு கணம் தேடினாள். "நான் சொல்லிக்கொடுத்தது. சரியாத்தான் சொல்லுது."

இன்ஸ்பெக்ட்ரஸ் முழுக்கதையும் கேட்டார். லைன் வீடு, கதவு நம்பர், காபி. யார் வீடு என்று மட்டும் சாராள் சொல்லவில்லை. டம்ளர் என்ற இடத்தில் ரத்தினபாய் தொண்டையைச் செருமினார்.

"டம்ளர் இல்ல மேடம். டவரா. டம்ளர் என் கையில இருந்துச்சு."

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்து முடிக்க நேரமாயிற்று. போகும்போது, இவங்களை விட்டுடாதீங்க என்று ரத்தினபாயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுவர் தாண்டிக் காமா வந்தது. "டம்ளராம், டம்ளர்" என்று ரத்தினபாய் ஒரு மணி நேரம். சாராள் விளக்குகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தம் ஓய்ந்ததும் கதவு தட்டப்பட்டது. தபீதாள் நின்றிருந்தாள், கையில் காபியோடு. டவராவின் விளிம்பில் ஒரு நசுங்கல்.

"அத்தை குடுக்கச் சொன்னாங்க. நிரந்தர ஆர்டர் ஜூனுக்குள்ள வந்துடுமாம்."

சாராள் குடித்துப் பார்த்தாள். காபி நல்ல திக்காக இருந்தது.