ஞானம்மாவின் குறை

நான் பொய் சொன்னேன். கோயிலுக்குள், பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு தாய் சொன்னதை மாற்றிச் சொன்னேன்!

இலங்கையில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு நான் உபதேசி. மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் குதிரையில் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. சபையாருக்கு இங்கிலீசு தெரியாது. இருவருக்கும் நான்தான் வாய்.

சபையார் மனம்விட்டுப் பேசுவதில்லை என்று அவருக்கு வருத்தம். ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து குறை சொல்லலாம் என்று புதுவழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர்... கெட்டவன் நான்.

முதலில் எழுந்தவள் கொழுந்து பறிக்கும் ஞானம்மா. அவள் பிள்ளை காய்ச்சலில் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"எம்புள்ளய நம்ம கல்லறத் தோட்டத்துல பொதைக்க விடலீங்க சாமி. கீழ்ச்சாதியாம்! பெரிய கங்காணி மறிச்சிட்டாரு. ஓடக்கரையில பொதச்சு வச்சிருக்கேன். மழைக்கு முன்ன இங்க கொண்டாந்து வச்சிக்க ஒரு வார்த்த சொல்லுங்க."

முன்வரிசையில் பெரிய கங்காணி தொண்டையைச் செருமினார். என் சாதிக்காரர், எனக்கு மாமன் முறை. இந்த உத்தியோகமே அவர் சொல்லிக் கிடைத்தது. அந்தச் செருமல் போதாதா எனக்கு?

"துக்கத்தில் சபையார் காட்டிய அன்புக்கு இவள் நன்றி சொல்கிறாள்" என்று இங்கிலீசில் சொன்னேன்.

பாதிரியார் முகம் மலர்ந்தது. அவள் தலையில் கைவைத்துச் சிரித்தார். பிள்ளைக்கு ஆறடி மண் கேட்டவள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமி என்னா சொல்றாருங்க?"

"எல்லாம் ஆண்டவர் சித்தமாம். போயி உக்காரு."

அடப் பாவி! ஆண்டவரையுமா இழுத்தேன்?

ஐப்பசி மழையில் ஓடை கரையை அறுத்துக்கொண்டு போயிற்று. ஞானம்மா நனைந்தபடி கரையோரமெல்லாம் தேடினாளாம். ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பின் அவள் கோயிலுக்கு வரவில்லை. குறை சொல்லவும் எவரும் எழவில்லை. குறையற்ற சபை என்று பாதிரியார் பூரித்துப்போனார்.

நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். அவள் அதைக்கூடச் செய்யவில்லையே! பாதிரியாரின் குதிரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னைக் கண்டால் கூடையை இறக்கிவைத்துக் கும்பிடுகிறாள்.

"அந்த வெள்ளக்காரன் சிரிச்சான். நீங்களாச்சும் எனக்காகப் பேசுனீங்களே, உபதேசியாரே."

நானும் கும்பிடுகிறேன்... வாயைத் திறப்பதில்லை.